கத்திரி வெயிலில் வெளியூர்ப் பிள்ளைகள் வந்தால்

கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. பள்ளிக்கூட லீவும் அந்த நாட்களில்தான், பிள்ளைகள் ஊருக்கு வருவதும் அந்த நாட்களில்தான். எங்கள் வீடு திருச்சி உறையூரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் முதல் மாடி. என் தங்கை பிள்ளைகள், பத்து வயதுப் பெண்ணும் ஏழு வயதுப் பையனும், வருஷா வருஷம் பெங்களூரிலிருந்து ஒரு வாரம் தங்க வருகிறார்கள். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. மாமியாருக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். இவர்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு அந்த வாரத்தை எப்படி நடத்துகிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெயிலுக்குப் பயந்து பிள்ளைகளை ஏழு நாளும் டிவி முன்னால் உட்கார வைத்து அனுப்ப எனக்கு மனசு வராது. பெரியம்மா வீடு என்றால் ஊரும் சேர்ந்ததுதான். அதே சமயம், வெயிலில் வாடி வதங்கிய பிள்ளையை என் தங்கையிடம் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

எல்லாமே வரிசையில்தான் இருக்கிறது. முதலில் எது, பிறகு எது என்று சரியாக அடுக்கிவிட்டால் கத்திரியிலும் ஊர் சுற்றலாம்.

முதல் இரண்டு நாள் வீட்டில்தான்

வந்து இறங்கியதுமே பிள்ளைகள் கேட்பது, "பெரியம்மா, இன்னைக்கு எங்க போறோம்?" அன்றைக்கு எங்கேயும் கிடையாது, மறுநாளும் கிடையாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். அங்கே மே மாதத்தில் 33, 34 டிகிரி என்பதே நல்ல வெயில். இங்கே 40. பேப்பரில் 104 என்று போடுகிறார்களே, அது ஃபாரன்ஹீட் கணக்கு. செல்சியஸில் அதுதான் 40. அதுவும் நிழலில், காற்று புகுந்து வரும் பெட்டிக்குள் கருவியை வைத்து அளந்தது. தார் ரோட்டில் நிற்கும் பிள்ளையின் உடம்பில் படுகிற சூடு அதைவிட அதிகம். புது ஊர் வெயிலுக்கு உடம்பு முழுவதும் பழக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். பழகப் பழக வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் போகிற உப்பு குறையும். அதற்கு அவகாசம் கொடுக்காமல் வந்த அன்றே பதினொரு மணிக்குக் கோயில் பிராகாரத்தில் நடக்க விட்டால் சாயங்காலம் தலைவலியும் வாந்தியும்தான்.

அதற்காக ஏசி அறையில் பூட்டி வைப்பதும் உதவாது. நாளெல்லாம் ஏசியிலேயே இருக்கிற உடம்பு வெளி வெயிலுக்குப் பழகவே பழகாது. முதல் இரண்டு நாளும் காலை ஆறிலிருந்து ஏழு வரையிலும், மாலை ஆறுக்கு மேலும் தெருவில் விளையாட விடுகிறேன். மூன்றாம் நாளிலிருந்துதான் ஊர் சுற்றுவது.

இன்னொரு கணக்கும் உண்டு. நடுப்பகல் பன்னிரண்டுதான் உச்ச வெயில் என்று நினைத்துக்கொண்டு, மூன்று மணிக்கு "வெயில் இறங்கிடுச்சு" என்று கிளம்புகிறவர்கள் நிறைய பேர். வெளிச்சம் வேண்டுமானால் பன்னிரண்டுக்கு உச்சம். தரையும் சுவரும் சூடேறி, அந்தச் சூடு காற்றில் ஏறி, காற்று மிகவும் கொதிப்பது இரண்டிலிருந்து நாலு மணி வரை. அதனால் காலை எட்டு மணி வெயிலும் மாலை நாலு மணி வெயிலும் ஒன்றல்ல. எது செய்வதானாலும் காலையை நம்புங்கள். மாலை என்றால் ஐந்தரைக்கு மேல்.

வீட்டைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது

மொட்டை மாடிக்குக் கீழ் வீடு என்றால் பகலைவிட இரவுதான் கஷ்டம். பகல் முழுக்கத் தளம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரைக்கும் நம் தலையில் இறக்கும். வருஷா வருஷம் பங்குனியிலேயே தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவோம். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும். கீழே அறையில் நின்றாலே அந்த வித்தியாசம் தெரியும். வெயிலைத் தடுக்கும் வெள்ளை பெயின்ட் என்று இப்போது கடைகளில் விற்கிறார்கள். அது சுண்ணாம்பைவிட நாள் தாங்கும், விலையும் கூட.

மாலையில் தளத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கும் நேரம் இருக்கிறது. நாலு மணிக்கு ஊற்றினால் வெயில் அடுத்த அரை மணியில் தளத்தை மறுபடி சூடாக்கிவிடும். சூரியன் மறைந்த பிறகு ஒரு தடவை, ஏழரைக்கு ஒரு தடவை. ஊற்றிய தண்ணீர் ஆவியாகும்போது தளத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். நல்ல தண்ணீரை வீணாக்க வேண்டாம். துணி அலசிய தண்ணீரையும், குடிநீர் ஃபில்டர் கழித்துவிடும் தண்ணீரையும் பகலெல்லாம் பிடித்து வைத்தாலே போதும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள், வீட்டிலேயே அவர்களுக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். ஒன்பது மணிக்குப் பாய் விரித்து, கொசுவலை கட்டி, எல்லோரும் மேலேயே படுக்கலாம்.

ஜன்னல் விஷயத்தில் என் மாமியார் சொல்வதுதான் சட்டம். காலை ஒன்பதரைக்குக் கிழக்கு, தெற்கு ஜன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிட வேண்டும். மேற்கு ஜன்னலைப் பகல் முழுக்கத் திறக்கவே கூடாது. மாலை ஆறரைக்கு மேல் எல்லாவற்றையும் திறந்து விடியும் வரை அப்படியே விட வேண்டும். பகலில் காற்று வரட்டும் என்று திறந்து வைத்தால் அனல்தான் வரும். அறைக்குள் 40 டிகிரியை நெருங்கிவிட்டால் ஃபேன் காற்றும் உடம்பைக் குளிர்விப்பதில்லை, சூடான காற்றை மேலே அடிக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளைகளின் கை காலையும் பின் கழுத்தையும் ஈரத் துண்டால் துடைத்துவிட்டு அப்புறம் ஃபேன் போடுங்கள். தரையையும் மதியம் ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் வெறும் தரையில் சுகமாகப் படுத்துத் தூங்குவார்கள்.

சின்டெக்ஸ் டேங்க் இருக்கிற வீட்டில் பத்தரை மணிக்கு மேல் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். சிறு பிள்ளையை அப்படியே குழாயடியில் நிறுத்தினால் தோல் கன்றிப்போகும். காலை ஐந்தரைக்கு மோட்டார் போட்டதும் இரண்டு பெரிய டிரம்மையும் வாளிகளையும் நிரப்பிக் குளியலறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். மதியக் குளியலுக்கு அந்தத் தண்ணீர்தான்.

குடிக்க மண்பானை. புதுப் பானையானால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். பானை குளிர்வது அதன் உடம்பு கசிந்து காற்றில் ஆவியாவதால். எனவே சமையலறை மூலையில் வைத்துப் பயனில்லை. நிழலாகவும் காற்றோட்டமாகவும் இருக்கிற இடத்தில், ஈர மணலின் மேல் வையுங்கள். திருச்சி மாதிரிக் காற்று வறண்ட ஊர்களில் நன்றாகக் குளிரும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அவ்வளவு குளிராது. உள்ளே ஒரு வெட்டிவேர்க் கட்டு போட்டால் பிள்ளைகள் கேட்டுக் கேட்டுக் குடிப்பார்கள்.

சாப்பாடு

அடுப்பு வேலை காலை ஒன்பதுக்குள் முடிந்துவிட வேண்டும். மதியத்துக்கு வெள்ளைப் பூசணி மோர்க்குழம்பு, சுரைக்காய்க் கூட்டு, கீரைத்தண்டு, வெள்ளரிப் பச்சடி என்று தண்ணீர்ச் சத்துள்ள காய்களாகவே வைக்கிறேன். இரவு ஏழரைக்கு மேல் தோசை. இட்லி மாவு இந்த மாதத்தில் நாலைந்து மணி நேரத்தில் பொங்கிவிடும். மாலையில் ஆட்டி, படுக்கப் போகுமுன் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க வெளியே விட்டால் விடியும்போது புளித்து வழிந்திருக்கும்.

காலையில் பழைய சோறு. பெங்களூர்ப் பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள். மோர் ஊற்றி, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளக் கொடுத்து, பக்கத்தில் மாவடு வைத்தால் மூன்றாம் நாள் அவர்களாகவே கேட்பார்கள். ஏழு ஏழரைக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். வாசனை மாறியிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

நுங்கு காலை எட்டு மணிக்குள் வாங்குங்கள். விரலால் அழுத்தினால் அமுங்குகிற இளசு போதும். முற்றலைத் தின்றால் வயிறு வலிக்கும். பதநீரும் காலையில்தான். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்குவதால் புளிக்காமல் இருக்கிறது, வெயில் ஏறிய பிறகு அதற்கும் உத்தரவாதம் இல்லை. தர்பூசணியை முழுப்பழமாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள். ரோட்டோரம் வெட்டி அடுக்கிய துண்டுகளும், எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸ் போட்ட ஜூஸும் வேண்டாம். கோடையில் பிள்ளைகள் படுத்துக்கொள்வது வெயிலால் மட்டுமல்ல, வயிற்றுப்போக்காலும்தான். குளிர்ச்சியாக ஏதாவது என்று அழுதால் மெயின்கார்டு கேட் பக்கம் மைக்கேல் ஐஸ்கிரீமுக்குக் கூட்டிப்போங்கள். திருச்சிக்காரர்களுக்கு இந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாலை ஏழு மணிக்குக் கடைவீதிக்குப் போகும்போது அதையும் சேர்த்து முடித்துவிடலாம்.

தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைகளுக்குத் தாகமே தெரியாது. மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டு, தண்ணீரோ நீர்மோரோ பானகமோ கையில் கொடுத்துக் குடிக்க வையுங்கள். சிறுநீர் மஞ்சளாகப் போகிறதா என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். அதைவிட நல்ல அளவுகோல் வீட்டில் கிடையாது.

ஒரு நாள் வடாம்

ஊர் சுற்றுவதற்கு நடுவில் ஒரு நாள் வடாத்துக்கு. வெயிலைத் திட்டிக்கொண்டே இருக்கிற வாரத்தில், அந்த வெயிலால்தான் ஆகிற வேலை ஒன்றைப் பிள்ளைகள் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கடை அப்பளம் எவ்வளவோ கிடைக்கிறது. இருந்தாலும் தான் ஊற்றிய வடாம் எண்ணெயில் விரிவதைப் பார்க்கிற பிள்ளையின் முகத்துக்காக இதை நான் விடுவதில்லை.

ஜவ்வரிசி வடாம் பிள்ளைகளுக்கு எளிது. ஒரு டம்ளர் ஜவ்வரிசியை இரவே ஊறப் போடுங்கள். காலை ஐந்து மணிக்கு ஐந்து டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஊறியதை அதில் கொட்டி, கண்ணாடியாக மாறும் வரை கிளற வேண்டும். அடி பிடிக்கும், நகரக் கூடாது. பச்சை மிளகாயையும் உப்பையும் அரைத்துச் சேர்த்து, கொஞ்சம் பெருங்காயம், இறக்கியபின் எலுமிச்சம் பழச்சாறு. உப்பு கூழில் சற்றுக் குறைவாகத் தெரிய வேண்டும். காய்ந்து சுண்டும்போது அது ஏறிவிடும். கூழில் சரியாக இருந்தால் வடாத்தில் கரிக்கும்.

ஆறரைக்கு மாடியில் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, ஆளுக்கு ஒரு கரண்டி. பையன்கள் பெரிது பெரிதாக ஊற்றுவார்கள். ஊற்றட்டும். காக்காய்க்காக நடுவில் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைப்போம். எட்டு மணி வரை மாடிப்படி நிழலில் உட்கார்ந்து பிள்ளைகள் காவல் காக்கலாம், அதற்கு மேல் ஆள் வேண்டாம், குடை போதும். செருப்பில்லாமல் யாரும் மாடிக்குப் போகக் கூடாது. பத்து மணித் தளம் பாதத்தைக் கொப்புளமாக்கும். மாலையில் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடாம் கழன்று வரும். அதைத் தட்டில் பரப்பி இன்னும் இரண்டு நாள் வெயில் காட்ட வேண்டும்.

மதியம் முழுக்கத் தாயமும் பல்லாங்குழியும். தாயத்தில் என் மாமியாரை யாரும் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

வெளியே போகும்போது

முதலில் மலைக்கோட்டை. எங்களுக்கு அது பக்கம்தான் என்றாலும், தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கும் சொல்கிறேன்: காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் முன்னால் நிற்க வேண்டும். பாறையின் உயரம் 83 மீட்டர், படிகள் நானூறுக்கும் மேல். பெரும்பகுதி பாறைக்குள்ளும் கூரைக்குக் கீழும் ஏறுவதால் கீழே வெயில் தெரியாது. தாயுமானவர் சன்னதி, அதற்கு மேல் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகை என்று நின்று நின்று ஏறினால் ஏழு வயதுப் பையனும் ஏறிவிடுவான். பிரசவத்துக்குத் தாய் வந்து சேர முடியாத பெண்ணுக்குச் சிவனே தாயாக வந்த கதையை அந்த இடத்தில் சொல்லுங்கள், பிள்ளைகள் ஓய்வெடுத்த மாதிரியும் இருக்கும். கடைசிப் பகுதி திறந்த பாறை. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வருவதால் இறங்கும்போதுதான் கால் சுடும். ஆளுக்கொரு ஜோடி பழைய பருத்தி சாக்ஸ் எடுத்துப் போங்கள். உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, காவிரிக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களைக் காட்டிவிட்டு, எட்டு எட்டேகாலுக்குள் தெருவில் இருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை திருவானைக்காவல். ஐம்பூதத் தலங்களில் இது நீர். மூலவரை ஒன்பது துளைகள் உள்ள கல் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் முறை வைத்து எட்டிப் பார்ப்பார்கள். லிங்கம் இருக்கிற இடத்தில் நீர் கசிந்துகொண்டே இருப்பதால் வெளியே அனல் அடிக்கும்போதும் உள்ளே ஈரக் குளிர்ச்சி. இந்தக் கோயில் யானை அகிலாவுக்குக் குளிக்க ஒரு குளமே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னதும், வீட்டில் ஏன் நமக்கு இல்லை என்ற கேள்வி வரும், தயாராக இருங்கள். உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை உடுத்தி அம்மனாக வந்து சுவாமிக்குப் பூஜை செய்வது இந்தக் கோயிலுக்கே உரியது. கட்டாயம் பார்க்க வேண்டியதுதான், ஆனால் மே மாதத்தில் பிள்ளைகளோடு வேண்டாம். அது முடிந்து வெளிப் பிராகாரத்தைத் தாண்டி வரும்போது பன்னிரண்டரை ஆகியிருக்கும், கல் தரையில் கால் வைக்க முடியாது. மார்கழியில் வாருங்கள். இப்போது எட்டரைக்குப் பார்த்தசாரதி விலாஸில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பலாம்.

ஸ்ரீரங்கத்தை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மணிக்கு மேல். 156 ஏக்கர், ஏழு சுற்று, 21 கோபுரம். ஒரே நாளில் எல்லாம் என்று ஆசைப்பட்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். தெற்கு ராஜகோபுரம் 236 அடி, 1987இல் முடித்தது. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது, சேஷராயர் மண்டபத்துக் குதிரைகள், பிறகு கூட்டத்துக்குத் தக்கபடி தரிசனம். கல் அந்த நேரத்திலும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். நடப்பது உத்தர வீதி, சித்திரை வீதியில் ஏழரைக்கு மேல் சுகம்.

எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் வெக்காளியம்மன். கருவறைக்கு மேல் கூரை கிடையாது, வெயிலோ மழையோ அம்மன் வானத்தின் கீழ்தான். மழை வேண்டுமென்று மனு எழுதிக் கட்டிவிட்டு வந்தாள் என் தங்கை மகள். இருட்டிய பிறகு போனால் கூரையில்லாத அந்த இடத்தில் காற்றும் நன்றாக வரும்.

எல்லோரும் கேட்பது கல்லணை. மே மாதத்தில் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல்தான் திறப்பார்கள், அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மேலும் சில நாள் ஆகும். அதற்கு முன்னால் போனால் கரிகாலன் கட்டிய அணையையும் கொதிக்கும் மணலையும் பார்க்கலாம், தண்ணீரைப் பார்க்க முடியாது. ஊரைச் சேர்ந்தவர்கள் ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பு மாலை நேரத்தில் பரவாயில்லை, மர நிழலும் விளையாட இடமும் இருக்கிறது. ஸ்ரீரங்கத்துக் காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்திலும் சரி, கொள்ளிடத்திலும் சரி, மணலுக்கு நடுவே தேங்கி நிற்கிற தண்ணீரில் பிள்ளைகளை இறக்காதீர்கள். முழங்கால் அளவு போலத் தெரியும், அடுத்த அடியில் மணல் அள்ளிய குழி இருக்கும். கோடையில் இப்படிப் போகிற உயிர்கள் எல்லா வருஷமும் பேப்பரில் வருகின்றன. நீச்சல் தெரிந்த பெரியவர் கூட இருந்தாலும் கூடாது.

பகலில் எங்காவது போயே ஆக வேண்டும் என்றால் கூரை உள்ள இடமாகப் பாருங்கள். விமான நிலையம் பக்கம், புதுக்கோட்டை சாலையில் அண்ணா அறிவியல் மையத்தின் கோளரங்கம் இருக்கிறது. ரயில் பைத்தியம் பிடித்த பையன்களுக்கு ரயில்வே அருங்காட்சியகம். காலை முதல் காட்சிக்குப் போய்ப் பதினொன்றரைக்குள் வீடு திரும்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிழமை விடுமுறை என்று முன்னாலேயே போனில் கேட்டுவிடுவது நல்லது.

பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவது என்பதும் முக்கியம். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் 1ஆம் நம்பர் வடக்கே போகிறது. காலையில் சூரியன் வலது பக்கம், ஆகவே இடது வரிசையில் உட்காருங்கள். காலையிலேயே திரும்பினால் வலது வரிசை. மாலையில் போகும்போது வலது, வரும்போது இடது. இப்படி எந்த ஊர் பஸ்ஸுக்கும் திசையை யோசித்து ஏறினால் அரை மணி நேர வெயில் மிச்சம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021இலிருந்து டிக்கெட் கிடையாது, கூட்டம் காலை எட்டு மணிக்கு மேல்தான் ஏறும். காரில் போகிறவர்களுக்கு ஒன்று. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, "ரெண்டே நிமிஷம்" என்று பிள்ளையை உள்ளே விட்டுப் போகாதீர்கள். மூடிய கார் பத்து நிமிடத்திலேயே ஆபத்தான சூட்டுக்குப் போய்விடும்.

பையில் எப்போதும் இருப்பவை: ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், ஈரத் துண்டு ஒன்று பிளாஸ்டிக் கவரில், தொப்பி, குடை, வெள்ளரிப்பிஞ்சு, உப்பு போட்ட வறுகடலை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு. ஓ.ஆர்.எஸ். என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டிய அந்த மருந்துக்கடைப் பொடிதான். அட்டைப் பெட்டியில் ஸ்ட்ரா குத்திக் குடிக்கிற இனிப்புப் பானங்கள் அதற்கு ஈடாகாது. பாக்கெட் கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்பைக் கூட்டாதீர்கள். உடுப்பு பருத்தி, வெளிர் நிறம், தொளதொளவென்று.

எதைக் கண்டால் பயப்பட வேண்டும்

வயதானவர்களுக்குத் தாக உணர்வே குறைந்துவிடும். என் மாமியார் கேட்கவே மாட்டார், நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிரஷர் இருப்பதால் அவர் மோரில் உப்பு போடுவதில்லை. பிரஷர் மாத்திரைகளில் சிறுநீரை அதிகம் போக வைக்கிற வகையும் உண்டு. வெயில் காலத்துக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று சித்திரையிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தலைச்சுற்றல், குமட்டல், கெண்டைக்காலில் பிடிப்பு, வியர்த்துக் கொட்டிச் சோர்ந்து போவது: இதுவரை நாமே பார்த்துக்கொள்ளலாம். நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, ஈரத் துணி போட்டு, ஓ.ஆர்.எஸ். கொஞ்சம் கொஞ்சமாக. அரை மணியில் தேறவில்லை என்றால் ஆஸ்பத்திரி.

பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் உளறுவது, ஆளைத் தெரியாமல் விழிப்பது, வலிப்பு, மயக்கம், உடம்பு நெருப்பாகக் கொதிப்பது: இது வெப்பத்தாக்கு. உயிர் போகும் விஷயம். உடனே 108. வண்டி வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. சட்டையைக் கழற்றி, தலையிலிருந்து கால் வரை தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் துணி. நினைவு சரியாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது. இந்த அடையாளங்களை நான் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பெரியவர்களுக்கு ஏதாவது ஆனால் முதலில் பார்ப்பது அவர்களாகவும் இருக்கலாம்.

திருப்பி அனுப்பும்போது

பகல் பஸ்ஸில் ஏற்ற வேண்டாம். இரவு ரயில்தான் நல்லது, ஏப்ரலிலேயே டிக்கெட் எடுத்து வைத்துவிடுங்கள். ரயிலுக்குப் புளிசாதமும் தயிர்சாதமும் வேறு வேறு டப்பாவில். தயிர்சாதத்தில் பாதிக்குமேல் பால் விட்டுப் பிசைந்தால்தான் ராத்திரி எட்டரை மணிக்கும் புளிக்காமல் இருக்கும். வடாம் நன்றாகக் காய்ந்ததா என்று ஒன்றை ஒடித்துப் பாருங்கள். டக்கென்று உடைந்தால் டின்னில் போட்டு மூடலாம். வளைந்தால் மூடாதீர்கள், வழியிலேயே பூசணம் பிடிக்கும். துணிப்பையில் கட்டிக் கொடுத்து, பெங்களூர் போய் இன்னும் ஒரு நாள் வெயிலில் போடச் சொல்லுங்கள்.